தேம்ஸ் ஆறு உறைந்த காலம்

1814ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் லண்டன் நகரின் தேம்ஸ் ஆறு பனிக்கட்டியாய் உறைந்தது. மக்கள் அதன்மேல் கடை விரித்துச் சந்தை நடத்தினர். அவ்வாற்றின்மேல் நடந்த கடைசிப் பனிச்சந்தை அதுவே.

ஏறத்தாழ 1300 முதல் 1850 வரை உலகின் பல பகுதிகளில், சிறப்பாக ஐரோப்பாவில், குளிர் மிகுந்திருந்தது. அக்காலத்தைச் ‘சிறு பனியூழி’ என்பர். புவியின் சராசரி வெப்பம் ஒரு டிகிரி செல்சியசுக்கும் குறைவாகவே தாழ்ந்தது. ஆயினும் பல நாடுகளில் விளைச்சல் பொய்த்தது. மக்கள் பசியால் மடிந்தனர்.

இக்குளிருக்குக் காரணம் யாது? அறிஞர்கள் மூன்று காரணங்களைக் கூறுவர்.

முதலாவது, சூரியன். 1645 முதல் 1715 வரை சூரியனில் கரும்புள்ளிகள் மிக அரிதாகவே தோன்றின. அப்போது சூரிய ஒளி சற்றே தணிந்தது. ஆனால், குளிர் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. விளைவு முந்தவும் காரணம் பிந்தவும் இயலாது.

இரண்டாவது, எரிமலை. 1257இல் இந்தோனேசியாவின் சமாலாஸ் எரிமலை வெடித்தது. 1600இல் பெரு நாட்டின் உவைனாபுட்டினா வெடித்தது. அடுத்த ஆண்டே ரஷ்யாவில் பயிர் கருகிப் பெரும்பஞ்சம் வந்தது. எரிமலையின் கந்தகப் புகை வானில் பரவிச் சூரிய ஒளியைத் தடுக்கும். எனினும், அது சில ஆண்டுகளில் படிந்துவிடும். அவ்வாறாயின் குளிர் பல நூற்றாண்டுகள் நீடித்தது எவ்வாறு? அடுத்தடுத்த வெடிப்புகளால் கடற்பனி பெருகியது. வெண்பனி ஒளியைத் திருப்பியனுப்பிக் குளிரை நிலைபெறச் செய்தது என்பர்.

மூன்றாவது, காடு. 1492க்குப் பின் ஐரோப்பியரோடு வந்த நோய்களால் அமெரிக்கப் பழங்குடியினர் பெருமளவில் மாண்டனர். உழவின்றிக் கிடந்த வயல்கள் காடாயின. மரங்கள் கரியமிலவாயுவை உட்கொண்டமையால் குளிர் மிகுந்திருக்கலாம். ஆயினும், குளிரின் தொடக்கத்திற்கு இது காரணமாகாது.

எரிமலைகளின் பங்கே பெரிது என்பர் பலர். ஒவ்வொன்றின் பங்கும் எவ்வளவு என்னும் விவாதம் இன்றும் தொடர்கிறது.

இன்று புவி வெப்பமடைகிறது. அதற்கும் சூரியனே காரணம் என்பார் உளர். கடந்த சில பத்தாண்டுகளில் சூரிய ஒளி கூடவில்லை. வெப்பமோ உயர்ந்துகொண்டே இருக்கிறது. காலம் பொருந்துகிறதா எனக் கேட்போர் உண்மைக் காரணத்தை அறிவர்.

அருஞ்சொற்பொருள்: திங்கள் – மாதம், ஊழி – நெடுங்காலம், பொய்த்தது – தவறியது.

வினா: சூரியன் மட்டுமே குளிருக்குக் காரணமாகாது என்பது ஏன்?