பிள்ளை வளரும் தெரு

ஏழை வீட்டுப் பிள்ளை பெரியவனாகியும் ஏழையாகவே இருப்பதற்குப் பெற்றோரின் வருமானம் மட்டும்தான் காரணமா, வளர்ந்த தெருவுக்கும் பங்கு உண்டா? இதைக் கண்டறிய அமெரிக்க அரசு 1994 முதல் 1998 வரை ஒரு குலுக்கல் நடத்தியது. பாஸ்டன், பால்டிமோர், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் ஆகிய நகரங்களில் அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்கள் அதில் சேர்ந்தன. பெயர் விழுந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு வாடகை உதவிச் சீட்டு கிடைத்தது. நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாக ஏழைகள் வாழும் பகுதியில்தான் வீடு பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை.

குலுக்கல் என்பதுதான் இதில் முக்கியம். விவரமும் துணிச்சலும் உள்ள பெற்றோர் தாமாகவே நல்ல இடம் தேடிப் போய்விடுவார்கள். அவர்கள் பிள்ளைகள் முன்னுக்கு வந்தால், அது பெற்றோரால் வந்ததா இடத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. சீட்டுக் குலுக்கினால் அந்தச் சந்தேகம் எழாது.

முதலில் வந்த முடிவுகள் ஏமாற்றம் தந்தன. இடம் மாறிய பெரியவர்களின் உடல்நலமும் மனநலமும் தேறின, சம்பளம் உயரவில்லை. ஆனால் அன்று சிறு குழந்தைகளாக இருந்தவர்கள் அப்போது வேலைக்குப் போகும் வயதை எட்டியிருக்கவில்லை. ராஜ் செட்டி (தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்), நதானியேல் ஹென்ட்ரன், லாரன்ஸ் கட்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் 2015-இல் வருமான வரிக் கணக்குகளை வைத்து அந்தப் பிள்ளைகளின் நிலையைப் பார்த்தார்கள். 13 வயதுக்கு முன் இடம் மாறியவர்கள், இருபதுகளின் நடுவில், மாறாதவர்களைவிட 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். கல்லூரியில் சேர்ந்தவர்களும் அவர்களில் அதிகம். அதற்குப் பிந்தி மாறியவர்களுக்குப் பலன் இல்லை. சிறிது இழப்பே தெரிந்தது.

ஊர் மாறிய லட்சக்கணக்கான குடும்பங்களின் உடன்பிறந்தவர்களை ஒப்பிட்ட இன்னோர் ஆய்வும் இதையே காட்டியது. நல்ல ஊருக்குப் போனபோது அக்காவைவிடத் தங்கைக்குக் கூடுதல் நன்மை. அங்கே அவள் வளர்ந்த ஆண்டுகள் அதிகம்.

அந்தத் தெருவில் அப்படி என்னதான் இருக்கிறது? 2022-இல் செட்டி குழுவினர் பேஸ்புக்கின் 2,100 கோடி நட்புத் தொடர்புகளை ஆராய்ந்தார்கள். வசதியுள்ளவர்களோடு ஏழைகள் நட்பாகப் பழகும் பகுதிகளில்தான் ஏழைப் பிள்ளைகள் அதிகம் மேலேறியிருந்தார்கள். எந்தப் படிப்புக்கு எப்போது விண்ணப்பிப்பது, வேலைக்கு யாரைக் கேட்பது என்பதெல்லாம் பக்கத்து வீட்டுப் பேச்சிலேயே காதில் விழும். அதைக் கேட்காமல் வளரும் பிள்ளைக்கு எவ்வளவு தவறிப்போகிறது என்பதை, படித்தவர்களாகிய நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்கே இன்று அது கிடைக்கிறது. பல நகரங்களில் காத்திருப்புப் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. முறை வருவதற்குள் அந்த வீட்டுக் குழந்தைக்கு 13 வயது கடந்துவிடலாம்.