கலப்பிரிவின் இருவழிகள்

உயிரின் தொடர்ச்சி கலப்பிரிவிலேயே தங்கியுள்ளது. இழையுருப்பிரிவில் நிறமூர்த்தங்கள் இரட்டித்து ஒருமுறை பிரிகின்றன. மனிதக் கலமொன்றின் 46 நிறமூர்த்தங்களும் இரு மகட்கலங்களிலும் அவ்வாறே அமைகின்றன. உடல் வளர்வதும் காயம் ஆறுவதும் இதனாலேயாம்.

புணரிகளைத் தோற்றுவிக்கும் ஒடுக்கற்பிரிவிலோ இரட்டிப்பு ஒன்று, பிரிவுகள் இரண்டு. முதற்பிரிவில் தாய்வழி, தந்தைவழி நிறமூர்த்தங்கள் சோடிசேர்ந்து, தமக்கிடையே துண்டங்களைப் பரிமாறிய பின்னரே விலகுகின்றன. இறுதியிற் புணரி பெறுவது 23 நிறமூர்த்தங்களையே. சோடிகள் ஒன்றையொன்று சாராது பிரிவதனால் மட்டும் 8,388,608 சேர்க்கைகள் இயலும்.

இவ்வேறுபாட்டை வெறும் பாடநூற் செய்தியாக நாம் கொள்ளலாகாது. முன்னோரின் நிறமூர்த்தத் தொகுதியை முழுமையாகவும் மாற்றமின்றியும் கடத்தும் புணரி எதுவுமில்லை. ஒவ்வொரு தலைமுறையும் புதுக் கலவையே. 'தூய இரத்தம்' வழிவழி மாறாது வருகின்றதென்னும் குலப்பெருமைக்கு உயிரியலில் ஆதாரமில்லை என்பதே எமது துணிபு.