இருபது காயை உடைத்துப் பாருங்கள்

ஒரு ஏக்கர் பருத்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக 20 பச்சைக் காய்களைப் பறித்து, வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் காயும் வழவழப்பாக, நோய்நொடி இல்லாததுபோலத்தான் தெரியும். உடைத்தால் சிலவற்றின் உள்சுவரில் பரு மாதிரி சிறு தடிப்பு இருக்கும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு துளைத்துக்கொண்டு உள்ளே வந்த தடம் அது. பஞ்சை விலக்கிப் பார்த்தால் விதைக்குள் தலையை நுழைத்தபடி புழு கிடக்கும். இளம் புழு வெள்ளையாக இருக்கும், வளர வளர இளஞ்சிவப்பாகும். இருபதில் இரண்டு காய் இப்படி இருந்தால் மருந்தடிக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்று பொருள். ஒன்றுதான் என்றால் மருந்துச் செலவு மிச்சம். அடுத்த வாரம் மறுபடி 20 காய்.

பருத்தி விவசாயிகளுக்கு இந்தியாவில் நடந்த பயிற்சிகளுக்குக் கணக்கே இல்லை. மண்டபத்தில் நாற்காலி போட்டு, படம் காட்டி, கையேடு கொடுத்து, சாப்பாடு போட்டு அனுப்பியவையே பெரும்பாலும். எதனால் பலன் கிடைத்தது என்று என்னைக் கேட்டால், இந்தக் காய் உடைக்கும் வேலையைத்தான் முதலில் சொல்வேன்.

உலகிலேயே மிக அதிகப் பரப்பில் பருத்தி விளைவது இந்தியாவில்தான். பல ஆண்டுகளில் 120 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருக்கிறது. விளைச்சல்தான் உதைக்கிறது. ஹெக்டேருக்கு உலக சராசரி 750 கிலோ பஞ்சுக்கு மேல். நம்முடையது 450 கிலோவை ஒட்டியே நிற்கிறது. பரப்பில் பெரும்பகுதி மானாவாரி என்பது ஒரு காரணம். விதர்பாவின் கரிசலிலும் தெலங்கானாவின் செம்மண்ணிலும் மழை ஒரு மாதம் ஏமாற்றினால் எந்தப் பயிற்சியும் அந்த ஈரத்தைக் கொண்டுவந்துவிடாது. இதை ஒப்புக்கொள்ளாமல் விவசாயிக்கு அறிவுரை சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொரு காரணம் பூச்சி. உலகின் முதல் வணிகக் கலப்பினப் பருத்தியை 1970-இல் சூரத்திலிருந்து வெளியிட்ட நாடு இது. கலப்பினம் உரத்தையும் நீரையும் விரும்பிச் சாப்பிட்டுத் தழைத்தது. தழைத்த பயிருக்குப் பூச்சியும் வந்தது, பூச்சிக்கு மருந்தும் வந்தது. 1990-களில் நாட்டின் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதமே இருந்த பருத்தி, மொத்தப் பூச்சிக்கொல்லியில் கிட்டத்தட்டப் பாதியை விழுங்கியது. 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் வைத்ததால், கடித்த காய்ப்புழு செத்தது. சில ஆண்டுகள் மருந்துச் செலவு நன்றாகவே குறைந்தது.

அந்த விதைப் பையோடு ஒரு சின்னப் பொட்டலமும் வந்தது. 450 கிராம் பி.டி. விதை, கூடவே 120 கிராம் சாதாரண விதை. சாதாரண விதையை வயலைச் சுற்றி விதைக்கச் சொன்னார்கள். காரணம் எளிது. பி.டி. செடியைத் தின்றும் சாகாத புழு லட்சத்தில் ஒன்றாவது பிழைத்துவிடும். அது அந்துப்பூச்சியாகிப் பறக்கும்போது, தன்னைப் போலவே எதிர்ப்புத்திறன் பெற்ற துணை கிடைத்தால் சந்ததி முழுவதும் அந்தத் திறனோடு பிறக்கும். பக்கத்துச் சாதாரணச் செடியில் பல்கிய, திறனில்லாத பூச்சியோடு சேர்ந்தால் அந்தத் திறன் நீர்த்துப்போகும். இந்த இரண்டு நிமிட விளக்கம் பெரும்பாலான விவசாயிகளிடம் போய்ச் சேரவேயில்லை. காசு கொடுத்து வாங்கிய நிலத்தில் புழுவுக்கு எதற்குத் தீனி என்று பொட்டலத்தைத் தூக்கிப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சொல்லிக் கொடுக்காதவர்களைச் சொல்லலாம். குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பி.டி.-க்குப் பழகிவிட்டது 2010-இல் உறுதியானது. இரண்டு மரபணு கொண்ட அடுத்த தலைமுறையும் அதற்குப்பின் சில ஆண்டுகளே தாங்கியது.

2017-இல் மகாராஷ்டிரம் அதன் விலையைக் கொடுத்தது. யவத்மால் மாவட்டத்தில் ஆளுயரத்துக்கு வளர்ந்த பருத்திக்குள் நின்று, இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலக்கி அடித்த விவசாயிகளும் கூலியாட்களும் விஷக்காற்றைச் சுவாசித்துச் சுருண்டு விழுந்தார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இத்தனை மருந்து அடித்தும் காய்ப்புழு சாகாததற்குக் காரணம் உண்டு. முட்டையிலிருந்து வெளிவந்த புழு சில மணி நேரத்தில் பூவுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடுகிறது. நுழைந்த துளையும் மூடிக்கொள்கிறது. மேலே எவ்வளவு தெளித்தாலும் உள்ளே எட்டாது. ஆகவே புழு காய்க்குள் போவதற்கு முன்பே அது வருகிறதா என்று தெரிந்தாக வேண்டும். வயலில் நடக்கும் பயிற்சி இந்த இடத்தில்தான் உதவுகிறது.

உழவர் வயல்வெளிப் பள்ளி என்ற முறை 1989-இல் இந்தோனேசியாவின் நெல்வயல்களில், புகையான் பூச்சியைச் சமாளிக்கப் பிறந்தது. பருத்திக்கு அதை உலக உணவு வேளாண் நிறுவனமும் ஐரோப்பிய ஒன்றியமும் 1999 முதல் 2004 வரை இந்தியா உட்பட ஆறு ஆசிய நாடுகளில் கொண்டுவந்தன. சுமார் 25 விவசாயிகள், விதைப்பு முதல் அறுவடை வரை, வாரம் ஒரு காலை. ஐந்து பேர் கொண்ட குழு வயலுக்குள் இறங்கிச் செடி செடியாகப் பார்க்கும். எத்தனை சப்பை (மொட்டு), எத்தனை பூ, எத்தனை காய், இலையின் அடியில் எத்தனை தத்துப்பூச்சி, எத்தனை பொறிவண்டு என்று எண்ணும். பிறகு மர நிழலில் ஒரு பெரிய தாளை விரித்து நடுவில் செடியை வரைவார்கள். ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சிகள், மறுபக்கம் நன்மை செய்பவை, மேலே அன்றைய வெயிலோ மேகமோ. அதை மாட்டி வைத்து, இந்த வாரம் மருந்து வேண்டுமா வேண்டாமா என்று எல்லோரும் வாதாடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்தக் கூட்டத்தில் வாய் உண்டு.

வாதாடி முடியாததைச் சோதித்துப் பார்ப்பார்கள். கண்ணாடிப் புட்டியில் அசுவினி மொய்த்த ஒரு இலையையும் ஒரு பொறிவண்டுப் புழுவையும் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்துவிடுவார்கள். சிறு முதலைக்குட்டி மாதிரி இருக்கும் அந்தக் கறுப்புப் புழுவைத்தான் பல விவசாயிகள் அதுவரை எதிரி என்று நினைத்து நசுக்கி வந்தார்கள். மறுநாள் காலையில் இலையில் அசுவினி பெரிதாக மிச்சமிருக்காது. இன்னொரு சோதனை கொஞ்சம் துணிச்சல் கேட்பது. சில செடிகளில் சப்பையில் ஒரு பகுதியைக் கையால் கிள்ளி எறிந்துவிட்டு, கிள்ளாத செடியோடு கடைசியில் விளைச்சலை ஒப்பிடுவார்கள். பருத்தி தானாகவே தன் சப்பையிலும் பிஞ்சிலும் பாதிக்கு மேல் உதிர்க்கும் செடி. ஆரம்பத்தில் இழந்ததைப் பிறகு ஈடுகட்டிவிடும். தரையில் நாலு சப்பை உதிர்ந்து கிடந்ததும் உரக்கடைக்கு ஓடுகிற பழக்கம், இதைக் கண்ணால் பார்த்தவரிடம் குறைகிறது. கடைக்காரர் விற்க உட்கார்ந்திருப்பவர். அவரிடம் மருந்து வேண்டுமா என்று கேட்டால் வேறென்ன சொல்வார்?

காய்ப்புழுவுக்கு இன்னொரு கருவியும் உண்டு. பெண் அந்துப்பூச்சியின் வாசனையைச் செயற்கையாகச் செய்து வைத்த இனக்கவர்ச்சிப் பொறி. ஏக்கருக்கு இரண்டு, பயிரின் உச்சியைவிடச் சற்று உயரத்தில் கட்ட வேண்டும். ஆண் பூச்சிகள் இரவில் வந்து பையில் விழும். ஒரு பொறியில் நாளுக்கு 8 பூச்சி வீதம் மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால் எச்சரிக்கை. இதழ்கள் விரியாமல் ரோசாமொட்டுப்போல் முறுக்கிக்கொண்ட பூக்களைக் கண்டாலும் கையோடு பறித்து அழிக்க வேண்டும். உள்ளே புழு இதழ்களை நூலால் தைத்துவைத்திருக்கும்.

எண்ணுவதை ஒருவர் தனியாகச் செய்யலாம். பயிரை முடிப்பதை அப்படிச் செய்ய முடியாது. டிசம்பரில் முடிய வேண்டிய பருத்திக்கு மத்திய இந்தியாவில் பலர் இன்னொரு தண்ணீர் பாய்ச்சி, மார்ச் வரை நிற்க விடுகிறார்கள். விலை நன்றாக இருந்தால் எவருக்கும் அந்த ஆசை வரும். காய்ப்புழுவுக்கு அது ஆண்டு முழுவதும் பந்தி. ஒருவர் ஜனவரியில் மாரை, அதாவது அறுவடை முடிந்த செடியை, பிடுங்கி அழித்தாலும் பக்கத்து வயல் நின்றால் பலனில்லை. அமெரிக்கா 2018-இல் தன் பருத்தி வயல்களில் இந்தப் புழுவை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. பி.டி. விதை, இனக்கவர்ச்சிப் பொருள், மலட்டு அந்துப்பூச்சிகளை வானிலிருந்து விடுவது என்று பலதும் சேர்ந்த வேலை அது. அறுவடை முடிந்ததும் எல்லா வயலிலும் மாரை அழித்ததும் அதில் அடக்கம். இங்கே அன்றைய கம்மம் மாவட்டத்தின் புனுகுலா கிராமம் 2000-களின் தொடக்கத்தில் பூச்சிக்கொல்லியே வேண்டாம் என்று முடிவெடுத்து நிறைவேற்றியதும் ஊர் சேர்ந்து செய்ததால்தான்.

இப்போது பேசப்படும் அடர்நடவும் பயிரைக் காலத்தோடு முடிக்கத் துணை. வழக்கமான 90-க்கு 60 சென்டிமீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 18,500 செடி. அதையே 90-க்கு 15 என்று நெருக்கினால் 74,000. செடிக்குக் காய் குறையும். ஆனால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வெடித்து, பயிர் சீக்கிரம் முடியும். ஆழமில்லாத மானாவாரி நிலத்துக்கு ஏற்றது. குட்டையாக நிற்கும் ரகமும் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்தும் இல்லாமல் இதில் இறங்கினால் வயல் காடாகிவிடும்.

பயிற்சி நடத்துகிறவர்கள் பெரும்பாலும் மறப்பது பெண்களை. பருத்தி எடுப்பது கிட்டத்தட்ட முழுவதும் அவர்கள் கை வேலை. புழு தின்ற காயை முதலில் பார்ப்பதும் அவர்கள்தான். காலைப் பனி ஈரம் இருக்கும்போதே எடுங்கள், அப்போதுதான் சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டாது, கறைபட்ட கொட்டுப் பருத்தியைத் தனியே போடுங்கள், பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம் என்றெல்லாம் சொல்கிறோம். அவர்களுக்குக் கூலி கிலோ கணக்கில். சுத்தமாக எடுத்தால் எடை குறையும், கூலியும் குறையும். இதைச் சரிசெய்யாமல் சுத்தத்தைப் பற்றி வகுப்பெடுத்து என்ன பயன்?

உங்கள் ஊருக்கு வேளாண் அறிவியல் நிலையத்திலிருந்தோ துறையிலிருந்தோ பருத்திப் பயிற்சி என்று வந்தால், ஒரு நாள் கூட்டத்தோடு விட்டுவிடாதீர்கள். விதைப்பு முதல் கடைசி எடுப்பு வரை வயலிலேயே நடத்தச் சொல்லுங்கள். பருத்தி எடுக்கும் பெண்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்து அழைக்கச் சொல்லுங்கள்.