முதல் மிதிக்குப் பிரேக் பிடிக்காதது ஏன்?

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரு பருவமழையும் உண்டு. ஆகவே சேறும் மணலும் சேர்ந்து எங்கள் வண்டிகளின் பிரேக்கைத் தேய்க்கின்றன. மழை ஓய்ந்த ஒரு ஞாயிறன்று, நாகர்கோவிலில் என் வீட்டு முற்றத்திலேயே மோட்டார் சைக்கிளின் பின்சக்கர டிஸ்க் பிரேக்குக்குப் புதிய பேடுகளை மாட்டினேன். வண்டியை எடுக்குமுன் பிரேக் மிதியை அழுத்தினேன். அது தடையின்றி அடிவரை இறங்கிவிட்டது! ஆயில் ஒழுகவில்லை, பேடுகளோ புதியவை. பின் என்ன கோளாறு?

கோளாறு எதுவுமில்லை. விடை, நீங்கள் படித்த பாஸ்கல் விதியில் இருக்கிறது.

மிதியை அழுத்தும்போது ஒரு சிறு பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே காலிப்பரிலுள்ள பெரிய பிஸ்டனை அடைகிறது. சிறு பிஸ்டனின் பரப்பு 1.25 ச.செ.மீ., பெரியதன் பரப்பு 6.25 ச.செ.மீ. என்று கொள்வோம். விசை 5 மடங்காகும். ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. சிறு பிஸ்டன் 5 மில்லிமீட்டர் நகர்ந்தால், பெரியது 1 மில்லிமீட்டர்தான் நகரும்.

பேடு தேயத் தேய, பெரிய பிஸ்டன் சிறிது சிறிதாக வெளியே வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. அதனால்தான் டப்பாவில் ஆயில் மட்டம் மெல்லக் குறைகிறது. தடித்த புதிய பேடுகளை மாட்ட வேண்டுமானால் பிஸ்டனை உள்ளே தள்ளியாக வேண்டும். அப்போது ஆயில் டப்பாவுக்குத் திரும்பி மட்டம் உயரும். நிரம்பி வழியாமல் கவனிக்க வேண்டும். பேடுகள் வெளியே இருக்கையில் மிதியைத் தொடவே கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடக்கூடும்.

நான் பிஸ்டனை முழுவதும் தள்ளியதில் 4 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தது எனக் கொள்வோம். அதை நிரப்ப 6.25 × 0.4 = 2.5 கன செ.மீ. ஆயில் வேண்டும். மிதியின் ஓர் அழுத்தத்தில் சிறு பிஸ்டன் 1 செ.மீ. நகர்ந்தால், கிடைப்பது 1.25 கன செ.மீ. மட்டுமே. எனவே முதல் இரண்டு மிதிகளும் இடைவெளியை மூடுவதிலேயே தீர்ந்துவிடும். மூன்றாவது மிதிதான் டிஸ்க்கைப் பிடிக்கும். என் முற்றத்திலும் இப்படித்தான் நடந்தது. சில மிதிகளுக்குப் பின் மிதி கல்போல் இறுகியது.

சோதிக்காமல் தெருவில் இறங்கியிருந்தால்? மணிக்கு 18 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 5 மீட்டர். இரண்டு வெற்று மிதிகளில் ஒரு நொடி கழிந்தாலும், வண்டி 5 மீட்டர் முன்னே போயிருக்கும். குறுக்கே ஒரு குழந்தை வர அந்தத் தூரம் போதாதா?

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இந்த வேலையைச் செய்தால் அருகிலிருந்து பாருங்கள். டிஸ்க் ஆறியிருக்க வேண்டும். பேடில் எண்ணெய்க் கை படக்கூடாது. இரண்டு பேடுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கடைசியில், "மிதி இறுகிவிட்டதா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கலாம்.