படுக்கை அறியும் இருதயத் துடிப்பு

சுங்குவார்சத்திரத்தில் இரவும் ஏறக்குறையப் பகலே. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தொழிற்சாலைகளுக்கு, இரவு ஷிப்டுக்குச் செல்வோரைப் பேருந்துகள் சுமந்து செல்கின்றன. அவ்வேளையில் வீட்டில் தனித்துறங்கும் முதிய பெற்றோரை எண்ணிப் பாருங்கள். இருதய நோயுள்ள தந்தைக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறினால், அதனை அறிவார் யார்?

இதே நெடுஞ்சாலை சென்றடையும் பெங்களூரில், இந்தூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற முதித் தண்டவதே, கௌரவ் பர்சானி என்னும் இருவர் 2015-ஆம் ஆண்டில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் உருவாக்கிய 'டோஸி' என்பது மெத்தைக்கு அடியில் விரிக்கப்படும் மெல்லிய விரிப்பு. நோயாளியின் உடலில் கம்பி எதுவும் ஒட்டுவதில்லை. அவர் வழக்கம்போல் உறங்கலாம். நாடித்துடிப்பும் மூச்சின் எண்ணிக்கையும் திரையில் தெரியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறையே செவிலியர் வந்து பார்க்க இயலும் சாதாரண வார்டுகளில் இது பெருந்துணை.

உடலைத் தொடாமல் எவ்வாறு அறிகிறது? துப்பாக்கி வெடிக்கையில் சுடுபவரின் தோளைப் பின்னுக்குத் தள்ளும் அல்லவா? இருதயமும் ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தை உந்தித் தள்ளுகிறது. அந்த எதிர்விசையால் உடல் முழுவதும் கண்ணுக்குப் புலப்படாதவாறு அசைகிறது. எடைப்பொறிமீது நிற்பவரின் நாடிக்கேற்ப முள் நடுங்குவதை 1877-இல் கார்டன் என்பார் கண்டு எழுதினார். 1930-களின் இறுதியில் பிலடெல்பியா நகர மருத்துவர் ஐசக் ஸ்டார், அசையும் மேசை அமைத்து அதில் நோயாளிகளைப் படுக்கவைத்து ஆராய்ந்தார். ஈ.சி.ஜி. போன்ற முறைகளின் தெளிவுக்கு முன் இது நிற்கவில்லை. மருத்துவ உலகம் ஏறக்குறைய மறந்தே போயிற்று. உணரிகளும் கணிப்பொறியும் மலிவானபின் பரணிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் மீண்டும் பயனுக்கு வந்துள்ளது.

எனினும் இது ஈ.சி.ஜி.க்கு மாற்றன்று. மாரடைப்பை உறுதியாகக் கண்டு கூறும் கருவியுமன்று. புரண்டு படுத்தால் அளவீடு குழம்பும். தாத்தாவின் கட்டிலில் பேரனும் படுத்துக்கொண்டால் இரு துடிப்புகளும் கலந்துவிடக்கூடும். நெஞ்சுவலியும் வியர்வையும் கண்டால், திரை எதைக் காட்டினும், உடனே 108-ஐ அழைத்தல் வேண்டும்.

இன்னொன்று. எச்சரிக்கை மகனின் கைப்பேசிக்கு வருகிறது. அவனோ அதனைத் தொழிற்சாலை வாயிலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே நிற்கிறான். என்ன பயன்? ஆகவே, அண்டை வீட்டாரின் எண்ணையும் சேர்க்க இயலுமா என்று வாங்குமுன் கேட்டறியுங்கள். வாயிற்கதவின் மாற்றுச் சாவி ஒன்றும் அவர்களிடம் இருக்கட்டும்.