பால் பொங்கும் முன்னே

2018-ஆம் வருஷம் ஜூலை மாதம் 22-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குச் சற்று முன்னால் சேலம், தருமபுரி வட்டாரத்து ஜனங்கள் தங்கள் காலடியில் ஒரு நடுக்கத்தை உணர்ந்தார்கள். பலர் வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அதிர்ச்சியின் அளவு 3.3 என்று கருவிகள் கணக்கிட்டன. பூகம்ப சாஸ்திரத்தில் அது ஒரு சிறு தும்மலுக்குச் சமானம். ஆனால், நாமக்கல் மலைக்கோட்டையைத் தாங்கி நிற்கும் ஒரே பாறையைத் தினமும் கண்டு வளர்ந்தவர்களுக்கு, பூமி அசையும் என்பதே பெரிய சமாசாரம் அல்லவா?

சேர்வராயன் மலை ஒரு நாள் நெருப்பைக் கக்குமோ என்று யாருக்கேனும் சந்தேகம் எழுந்தால், அந்தக் கவலை வேண்டாம். சேலத்தைச் சுற்றியுள்ள பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டு வயதானவை. ஆறிக் குளிர்ந்து யுகங்கள் ஆகிவிட்டன. பழைய விரிசல்களில் எப்போதாவது இறுக்கம் தளரும்போது நிலம் நடுங்குகிறது. 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி கோயமுத்தூர்ப் பக்கத்தில் உண்டான பெரிய பூகம்பமும் இப்படிப்பட்டதே. எரிமலை நமக்கு இல்லை என்று சேலத்துக்காரர் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் பாரத தேசம் அப்படிச் சொல்ல முடியாது!

நம் தேசத்து எரிமலை

அந்தமான் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது முன்னாள் போர்ட் பிளேருக்கு, வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில் பாரன் தீவு இருக்கிறது. குறுக்கே மூன்று கிலோமீட்டர்தான். மனிதர் எவரும் அங்கே குடியில்லை. 1787-இல் அது கக்கியதை மாலுமிகள் எழுதி வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அடங்கிப் போன அந்த மலை, 1991-இல் மறுபடியும் விழித்துக் கொண்டது; அதன் பிறகு பல முறை சீறியிருக்கிறது. 2017 ஜனவரியில் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்து விஞ்ஞானிகள், பகலில் சாம்பல் மேகத்தையும் இரவில் செந்நெருப்பையும் கப்பலிலிருந்து நேரிலேயே கண்டார்கள்.

பாரத பூமியைத் தாங்கும் பாறைத் தகடு, அந்தமானுக்கு மேற்கே கடலடியில் வேறொரு தகட்டின் கீழ் மெல்ல நுழைந்து கொண்டிருக்கிறது. தீவின் நெருப்புக்கு அதுவே காரணம்.

காதும் கண்ணும்

அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்கு முன் என்ன நடக்கிறது? முதலில் பாத்திரத்திலிருந்து 'ஸ்' என்று சத்தம் வருகிறது. பிறகு ஆடை மெல்ல உயர்கிறது. எரிமலையும் இவ்வாறே. உருகிய பாறைக் குழம்பு மேலே வழி தேடும்போது நிலத்தைப் பிளக்கிறது. நூற்றுக்கணக்கான சிறு அதிர்ச்சிகள் உண்டாகின்றன. அவற்றைக் கேட்கும் காதுதான் பூகம்பமானி. 1898-இல் கல்கத்தா அலிப்பூரிலும், அடுத்த வருஷம் நம் கொடைக்கானலிலும் இக்கருவிகள் வேலை தொடங்கின. குழம்பு சேரச் சேர நிலம் வீங்குகிறது. சாய்மானியும் செயற்கைக்கோளும் அந்த வீக்கத்தைக் கண்டு சொல்கின்றன.

கிரேக்க நாட்டுச் சாண்டோரினித் தீவில் 2025-ஆம் வருஷத் தொடக்கத்தில் இரண்டும் சேர்ந்து பேசின. ஆயிரக்கணக்கான அதிர்ச்சிகள் பதிவாயின. 11,000-க்கு மேற்பட்டோர் தீவை விட்டு வெளியேறினார்கள். எரிமலை வெடிக்கவில்லை. வீண் அலைச்சல் என்று நாம் சிரிக்கலாமா? கூடாது. 2018 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, இந்தோனேசியாவின் அனக் கிரகதோவா எரிமலையின் ஒரு பக்கம் அப்படியே கடலில் சரிந்தது. அலை எழும்பி 400-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. எச்சரிக்கும்படியான பெரிய பூகம்பம் எதுவும் முன்னால் வரவில்லை. ஆனால், அந்தச் சரிவு பல மாதங்களாகக் கடலை நோக்கி நகர்ந்து கொண்டிருந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் பிற்பாடு காட்டின. காது மாத்திரம் போதாது, கண்ணும் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

அந்தக் கண் இப்போது நம் கையிலும் இருக்கிறது. 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'நிசார்' செயற்கைக்கோள் கிளம்பியது. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது. 747 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அதன் ராடார், மேகத்தையும் இருட்டையும் ஊடுருவி, 12 நாளுக்கு ஒரு முறை அதே இடத்துக்குத் திரும்பி வந்து அளக்கிறது. நிலம் ஒரு விரற்கடைக்கும் குறைவாக நகர்ந்தாலும் கண்டுபிடிக்கக் கூடியது.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை

ஆயினும், கருவிகள் இருந்துவிட்டால் ஆயிற்றா? 2004 டிசம்பர் 26. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைதான். பாரன் தீவை எரிய வைக்கும் அதே தகட்டு எல்லையில், சுமத்திராவுக்கு அருகே பூமி பிளந்தது. உலகெங்கும் கருவிகள் அதைப் பதிவு செய்தன. அலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. எனினும், அந்தச் செய்தி கரையிலிருந்த மீனவர் குடிசைக்கும், வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்ரிகருக்கும் எட்டவில்லை. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் சுமார் 6,000 பேர் மாண்டார்கள். யந்திரம் அறிந்ததை மனிதர் அறியாமல் போனதே அன்றைய கொடுமை.

அந்தப் பாடத்தின் பயனாக, 2007 அக்டோபர் முதல் ஹைதராபாதில் சுனாமி எச்சரிக்கை நிலையம் இரவு பகலாக விழித்திருக்கிறது. அது விழித்திருப்பது நம்மைத் தூங்க வைப்பதற்காக அல்ல. சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் குழந்தை குட்டிகளுடன் கடற்கரைக்குப் போகிறவர்கள் நாம். எச்சரிக்கை என்று சொன்னால், அலையை வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டை நோக்கி நடக்க வேண்டும். பத்து முறை வீணாக நடந்தாலும் பாதகமில்லை. பதினோராவது முறை, நாமும் நம் குழந்தைகளும் உயிரோடு வீடு திரும்புவோம்.