பிறர் காணியில் ஒரு பாதை

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் அதிகாலை வேளையில் ஓடப் புறப்படும் ஒருவர், பெரும்பாலும் தமக்குச் சொந்தமல்லாத காணியிலேயே ஓடுகின்றார். கோதுமை வயலைக் குறுக்கே அறுத்துச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் ஓடி, செம்மறிகள் மேயும் புற்றரையொன்றைக் கடந்து, சில இடங்களிற் கமக்காரர் ஒருவரின் வீட்டு முற்றத்தினூடாகவே புகுந்து மறுபுறம் வெளிவருகின்றார். அவரைக் கண்டு நாய் குரைக்கலாம். வீட்டுக்காரர் தலையசைத்துக் காலை வணக்கமும் கூறலாம். ஆனால், ‘இங்கே உமக்கென்ன அலுவல்?’ என்று வினவ அவருக்கு உரிமை கிடையாது. காணி அவருடையது, அதன்மீது செல்லும் வழி எல்லோருக்கும் உரியது.

இத்தகைய பொதுவழிகள் இங்கிலாந்திலும் வேல்சிலுமாக ஏறத்தாழ 140,000 மைல் நீளமுடையவை. ஒருமுறை பொதுவழியாகிய நிலம், சட்டப்படி மூடப்பட்டாலன்றி, என்றென்றும் பொதுவழியே என்பது அந்நாட்டு நீதிமன்றங்களின் பழைய கொள்கை. மஞ்சள் அம்புக்குறி நடந்து செல்வோருக்கான வழியைக் காட்டும். நீல அம்புக்குறி இட்ட வழியிற் குதிரையிலும் செல்லலாம். வேலி குறுக்கிடும் இடத்தில் ஆடுமாடுகள் தாண்டமாட்டாத மரப்படியோ, ஒருவர் மட்டும் நுழையத்தக்க சிறு படலையோ அமைந்திருக்கும். நில அளவைத் திணைக்களத்தார் வெளியிடும் 1:25,000 அளவுப் படத்தில் இவ்வழிகள் பச்சைக் கோடுகளாய்த் துண்டுதுண்டாகக் குறிக்கப்பட்டுள்ளன. அப்படத்தை விரித்து ஏதேனும் ஒரு சிற்றூரைப் பார்த்தால், தேவாலயத்திலிருந்தும் பழைய நீராலையிலிருந்தும் அயலூரை நோக்கிக் கோடுகள் பிரிந்து செல்வது தெரியும். அழகு கருதி எவரும் அவற்றை வகுத்தாரல்லர். வேலைக்கும் வழிபாட்டுக்கும் சந்தைக்கும் போன கால்கள் இட்ட கோடுகள் அவை. இன்று அவற்றில் ஓடுவோர், நேரத்தையும் நெஞ்சத் துடிப்பையும் அளக்கும் கைக்கடிகாரத்துடன் ஓடுகின்றனர். வழி மட்டும் பழையதே.

இவற்றுள் மிகப் பழையதெனக் கருதப்படுவது ‘ரிட்ஜ்வே’ எனும் மேட்டுவழி. ஏவ்பரியின் அயலிலுள்ள ஓவர்ட்டன் குன்றிலிருந்து ஐவிங்கோ பீக்கன் வரை 87 மைல் நீளமாக இன்று அது குறிக்கப்பட்டுள்ளது. சுண்ணக் குன்றுகளின் முதுகின்மேலே செல்வது அது. சுண்ணப்பாறை மழைநீரைத் தேக்காது உட்கொண்டுவிடும். ஆதலால், கீழேயுள்ள களிமண் பள்ளத்தாக்குகள் மாரியிற் சேறாய்க் கிடக்கையிலும், மேட்டிற் கால் வைக்க இயலும். பண்டைய மக்கள் மேட்டைத் தேர்ந்ததற்கு இதனையே காரணமாகக் கூறுவர். ஓடுபவருக்கு இதனால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. சேறு குறைவு, ஆனால் குடிக்க ஒரு சொட்டு நீரும் இல்லை. ஊற்றுக்களெல்லாம் குன்றின் அடிவாரத்திலேயே பிறக்கின்றன; ஊர்களும் அவ்வூற்றுக்களையே பற்றிக்கொண்டு கீழே தங்கிவிட்டன. மேலே பல மைல்களுக்கு வானம்பாடியின் குரலும், காற்றும், சக்கிமுக்கிக் கற்கள் காலணியில் உரசும் ஓசையுமே துணை. வழியருகே புதிய கற்காலத்துக் கல்லறை ஒன்றும், புல்லைச் செதுக்கி வெண்சுண்ணத்தில் அமைத்த அஃபிங்டன் வெள்ளைக் குதிரையும் உள. அக்குதிரையின் வயது ஏறத்தாழ 3000 ஆண்டுகள்.

இக்குன்றுகளின் ஒரு பகுதியிலேதான், மார்ல்பரோக் கல்லூரி மாணவனாயிருந்த சார்ல்ஸ் ஹமில்ட்டன் சோர்லி மழையென்றும் பாராது ஓடித் திரிந்தான். ஓட்டத்தையே பொருளாகக் கொண்டு அவன் எழுதிய கவிதை இன்றும் ஆங்கிலத் தொகுதிகளில் இடம்பெறுகின்றது. 1915 ஒக்டோபரில், லூஸ் போர்க்களத்தில், தன் இருபதாவது வயதில் அவன் மாண்டான். அவனது நூல் அச்சாகி வந்தது அதற்கு மறுவருடம்.

வயல்வெளிகளில் ஓடுவதை ஒரு விளையாட்டாக ஆக்கியவை இத்தகைய பள்ளிக்கூடங்களே. முன்னே ஓடும் இருவர் முயல்களாகிக் காகிதத் துண்டுகளைச் சிதறிச் செல்ல, ஏனையோர் வேட்டை நாய்களாகி அத்தடத்தைப் பற்றித் துரத்துவர். ஷ்ரூஸ்பரிப் பள்ளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இது வழக்கிலிருந்தது. 1857இல் வெளியான ‘டொம் பிரவுனின் பள்ளி நாட்கள்’ என்ற நாவல் ரக்பிப் பள்ளியில் நிகழ்ந்த அத்தகைய ஓட்டமொன்றை விரித்துரைக்கின்றது. 1868இல் இலண்டனுக்கு அயலே, மாரிக்காலத்தில் உடற்பயிற்சி வேண்டிய படகோட்டிகள் தொடங்கிய ‘தேம்ஸ் முயலும் நாய்களும்’ என்னும் கழகம் இவ்வகைக் கழகங்களுள் உலகில் மூத்தது. 1876இல் எப்பிங் காட்டில் நடத்தப்பட்ட முதலாவது தேசியப் போட்டியில், ஓடியவர் அனைவரும் வழிதவறிப் போனமையால், போட்டியே செல்லாதென அறிவிக்கப்பட்டது! இக்கால அம்புக்குறிகளின் அருமையை அன்றைய ஓட்டக்காரரே நன்கு உணர்ந்திருப்பர்.

இவ்விடத்தில் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். கனவான்களின் பிள்ளைகள் வேலி பாய்ந்து ஓடியபோது நாடு அதனை ஆண்மைப் பயிற்சியென மெச்சிற்று. ஆலைத் தொழிலாளியின் நிலை வேறு. 1604க்கும் 1914க்கும் இடையிற் பாராளுமன்றம் 5,200க்கு மேற்பட்ட சட்டங்களை இயற்றி, இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்திலொரு பங்குக்குச் சற்று மேலானதைத் தனியார் வேலிகளுக்குள் அடைக்க இடமளித்தது. 1815இன் சட்டமோ, நீதவான் இருவர் கூடித் ‘தேவையற்றது’ எனக் கருதும் பாதையை மூடிவிட வழிசெய்தது. அவ்விருவரும் பெரும்பாலும் நிலவுடைமையாளரே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மன்செஸ்டர் நகரத்தார் 1826இலேயே பழம்பாதைகளைக் காக்கச் சங்கம் அமைத்ததற்குக் காரணம் இதுதான். புகை கக்கும் அந்நகரத்தாருக்கு ஞாயிற்றுக்கிழமை நல்ல மூச்சுவிடக் கிடைத்த இடம் அப்பாதைகளே.

1932 ஏப்ரில் 24ஆம் நாள், பெனி ரொத்மன் என்ற இருபது வயது இளைஞன் முன்செல்ல, ஏறத்தாழ 400 பேர் டாபிஷயரிலுள்ள கின்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் அத்துமீறி ஏறினர். காட்டுக்கோழி வேட்டைக்கென டெவன்ஷயர் கோமகனார் காத்துவந்த நிலம் அது. ஐவர் சிறை சென்றனர். ரொத்மனுக்கு நான்கு மாதம். குற்றம் சாட்டப்பட்டது அத்துமீறலுக்காகவன்று, கலகத்துக்காகவும் கைகலப்புக்காகவுமே. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் பிறந்தது. பொதுவழிகளைப் படத்திற் பதியும் கடமையை அது உள்ளூராட்சி மன்றங்களுக்கு விதித்தது. 1965இல், அதே ஏப்ரில் 24இல், 268 மைல் நீளமான பென்னைன் பெருவழி திறந்துவைக்கப்பட்டது. 2002இல், எழுபதாவது நினைவு நாளில், அப்போதைய கோமகனார் தம் பாட்டனாரின் செயலுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். எழுபதாண்டு தாமதமாயினும், அரிதாகக் காணக்கிடைக்கும் பண்பே.

சட்டம் உண்டென்பதால் ஓட்டம் எளிதென்று எண்ணற்க. வயலின் குறுக்கே செல்லும் பாதையை உழுதால், முதலுழவின் பின் பதினான்கு நாட்களுள் அதனைச் சீர்செய்து ஒரு மீற்றர் அகலமாவது விடுதல் வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டின் விதி. சிலர் செய்வர், சிலர் மறந்துபோவர். ஆடிமாதத்துக் காஞ்சோன்றி மறதியின்றி வளர்ந்து பாதையை அடைத்துவிடும். இனி எருதின் விடயம்: ஜேர்சி, பிரீசியன் முதலிய பால்மாட்டினத்துக் காளை பத்து மாத வயதைக் கடந்ததாயின், பொதுவழி செல்லும் வயலில் அதனை விடலாகாது, பிற இனத்துக் காளையைப் பசுக்களுடன் சேர்த்து விடலாம். ஓடுபவர் அதன் இனத்தையும் வயதையும் தூரத்திலிருந்தே அறிந்துகொள்வாரெனச் சட்டம் இயற்றியோர் நம்பினர் போலும்.

எனினும், உண்மையான ஆபத்து காளையிடமன்று, காகிதத்தில் உள்ளது. 1949க்குப் பின் வரைந்த படங்களில் இடம்பெறாது போன வழிகள் ஏராளம். 49,000 மைலுக்கு மேற்பட்டவை விடுபட்டிருப்பதாக, நடைப்பயணிகளின் சங்கம் 2020இல் தொண்டர்களைக் கொண்டு பழைய படங்களை ஒப்புநோக்கிக் கண்டது. 1949க்கு முற்பட்ட வழிகளைப் பதிவதற்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம் 2026 எனக் கெடு வைத்தது. பின்னர் அது 2031 வரை நீட்டப்பட்டது. 2024 டிசெம்பரில், கெடுவையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. கெடு போனாலும் வேலை போகவில்லை. வேலியடைப்புத் தீர்ப்புக்களையும், 1836க்குப் பின் வரைந்த தசமபாக வரிப்படங்களையும் ஆவணக் காப்பகங்களிற் புரட்டித் தேடுவோர் இன்றும் உளர்.

பழைய படம் கிடையாத இடத்துக்கு இன்னொரு வாயில் உண்டு. இருபது ஆண்டுகள் தடையின்றி, ஒளிவுமறைவின்றி, எவருடைய அனுமதியையும் வேண்டாது மக்கள் பயன்படுத்திய வழியைப் பொதுவழியெனச் சட்டம் கொள்ளும். அதற்கென மன்றங்கள் ஒரு படிவம் வைத்துள்ளன. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை சென்றீர், ஆண்டில் எத்தனை முறை சென்றீர், வழியிற் பூட்டிய படலையோ அறிவித்தற் பலகையோ இருந்ததா, யாரேனும் உம்மைத் திருப்பி அனுப்பினரா என்று அது கேட்கும். நாள்தோறும் ஓடிய வழியையும் தூரத்தையும் குறித்துவைத்த ஓட்டக்காரர் ஒருவரின் பழைய நாட்குறிப்பு, அந்தக் கேள்விகளுக்கு முன் ஒரு சாட்சியாக வந்து நிற்கக்கூடும்.